தலை குனிந்த குதிரை பழகிய குதிரை அல்ல

கழுத்து வில்லாக வளைந்திருக்க வேண்டும். மூக்கு உள்வாங்கி நெஞ்சைத் தொடுவதுபோல் இருக்க வேண்டும். வாயோரம் நுரை கட்ட வேண்டும். இந்த மூன்றும் இருந்துவிட்டால் அது நன்றாகப் பழகிய குதிரை, மேலே இருப்பவர் கெட்டிக்காரச் சவாரிக்காரர். டிரஸ்ஸாஜ் பற்றிப் பெரும்பாலோர் மனத்தில் இன்று இருக்கும் கணக்கு இதுதான். போட்டி பார்க்க வந்தவர்கள் கைதட்டுவது அந்தக் கழுத்துக்கு. குதிரை விற்கிறவர் படம் பிடித்துக் காட்டுவது அந்தக் கழுத்தை. சவாரி வகுப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆன பிள்ளை கற்றுக்கொள்ளும் முதல் உபாயமும், லகானை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி இழுத்து அந்தக் கழுத்தை வரவழைப்பதுதான். உயர்மட்டப் போட்டிகளின் நடுவர்களும் அந்தக் கழுத்துக்கே மதிப்பெண் போட்டுப் பழகிவிட்டார்கள்.

இந்தக் கணக்கு அடியிலிருந்தே தப்பு. குதிரையின் பயிற்சி பின்கால்களில் தொடங்குகிறது. அதற்கும் முன்னால், சேணத்தில் உட்காரும் மனிதரிடம் தொடங்குகிறது. தலையும் கழுத்தும் போய் நிற்கும் இடம் அந்தப் பயிற்சியின் கடைசி விளைவு. அந்த விளைவைக் கையால் பிடித்திழுத்து முதல் நாளே வாங்கிவிடலாம் என்று நம்புகிறவர்கள் குதிரையின் உடலையும் கெடுக்கிறார்கள், தாங்கள் கற்க வந்த கலையையும் கெடுக்கிறார்கள்.

டிரஸ்ஸாஜ் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக. அறுபது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம் கொண்ட மணல் களம். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். சவாரிக்காரர் குரல் கொடுக்கக் கூடாது. நடை, டிராட், கேன்டர் ஆகிய மூன்று கதிகளிலும் குறித்த இடத்தில் குறித்த அசைவைக் குதிரை செய்து காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். உச்சியில் இருக்கும் கிராண்ட் பிரீ மட்டத்தில், ஏறக்குறைய நின்ற இடத்திலேயே டிராட் அடிக்கும் பியாஃப், காற்றில் தங்கித் தங்கி எழும் பாஸாஜ், கேன்டரில் அடிக்கு ஒரு தரம் முன்செல்லும் காலை மாற்றிக்கொண்டே போவது என்று பலவும் வரும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்து நடந்துவரும் போட்டி இது. கலையோ அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

குதிரையின் உடல் அமைப்பைப் பார்த்தால் வாதம் பாதி முடிந்துவிடும். சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்கால்களின்மேல் இருக்கிறது. கனத்த தலையும் நீண்ட கழுத்தும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதன் பலன் அது. நமக்கு இருப்பதுபோல் குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது. இரண்டு முன்கால்களுக்கும் நடுவே அதன் மார்புக்கூடு தசைகளாலும் தசைநார்களாலும் மட்டுமே கட்டப்பட்டுத் தொங்குகிறது. அதற்குச் சற்றே பின்னால் சேணம் போட்டு அறுபது எழுபது கிலோ மனிதர் ஒருவர் ஏறி உட்காருகிறார். பயிற்சி இல்லாத குதிரை இந்தச் சுமையை எப்படித் தாங்கும்? முதுகைத் தாழ்த்திக்கொள்ளும், முன்கால்களில் இன்னும் சாய்ந்துகொள்ளும். வருஷக்கணக்கில் அப்படியே ஓடினால் முன்கால்களின் தசைநார்களும் மூட்டுகளும் அதற்கு விலை கொடுக்கும்.

டிரஸ்ஸாஜ் பயிற்சியின் முழு நோக்கமும் இந்த நிலையை மாற்றுவது. பின்கால்கள் உடலுக்கு அடியில் வந்து ஊன்ற வேண்டும். இடுப்பிலிருந்து கீழே மூட்டுகள் ஒவ்வொன்றும் மடங்கிச் சுமையை வாங்க வேண்டும். முதுகு எழ வேண்டும். மார்புக்கூடு தோள்களுக்கிடையே மேலே வர வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது குதிரையின் பின்பாகம் தாழ்ந்து முன்பாகம் உயர்கிறது; கழுத்து தானே நிமிர்ந்து வளைகிறது; நெற்றி, செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால் வந்து அமைகிறது. பரதநாட்டியத்தில் அரைமண்டி பழகியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அது இடுப்பிலும் தொடையிலும் வருஷக்கணக்கான உழைப்பால் வருகிறது. ஆடுகிற பெண்ணின் தலையை யாரோ பிடித்து அழுத்துவதால் வருவதில்லை.

தலையைக் கையால் உள்ளே இழுத்தால் என்ன நடக்கும் என்பதை வாயிலிருந்து பார்ப்போம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் கிடக்கிறது, நாக்கின்மேலும் ஈற்றின்மேலும். அந்த ஈற்றுக்கு அடியில் சதைப்பற்று கிடையாது; மெல்லிய தோலைத் தாண்டினால் தாடையெலும்பின் கூர்மையான விளிம்பு. உயர்மட்டப் போட்டிகளில் போடும் இரட்டைக் கடிவாளத்தில் இரண்டு இரும்புகள் இருக்கும். அவற்றில் ஒன்று நெம்புகோல்போல் வேலை செய்வது. இரும்பின் இரு முனைகளிலிருந்தும் கீழே தொங்கும் தண்டுகளில் லகான் கட்டியிருக்கும், தாடைக்குக் கீழே ஒரு சங்கிலி ஓடும். லகானில் இழுக்கிற விசை வாய்க்குப் போகும்போது பெருகுகிறது. இந்தத் தண்டு பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்று சர்வதேச விதியே வரையறுத்திருப்பதற்குக் காரணம் அதுதான். வலி தாங்காமல் குதிரை வாயைத் திறந்துவிடாதபடி மூக்கைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கிவிடுவார்கள். பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய நியமம். அதை யாரும் மதிக்காததால்தான் 2025 முதல் சர்வதேசப் போட்டிகளில் அளவுகருவி வைத்துச் சோதிக்க வேண்டிய நிலைமை வந்தது.

இப்படி இழுபடும் குதிரை வலியிலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடிக்கிறது: மூக்கை நெஞ்சை நோக்கிக் கொண்டுபோய் இரும்பின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. கழுத்து வளைகிறது, ஆனால் தப்பான இடத்தில். முறையாகப் பயின்ற குதிரையில் இரண்டு காதுகளுக்கும் பின்னே இருக்கும் உச்சிதான் உடலின் மிக உயர்ந்த புள்ளி. இழுத்து வளைத்த குதிரையில் அந்த உச்சி கீழே போய்விட, கழுத்தெலும்புகளில் இரண்டாவதும் மூன்றாவதும் சேரும் இடம் மேலே துருத்தி நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் கழுத்து ஒடிந்ததுபோல் தெரியும். முதுகு இறுகிப்போகும். பின்கால்கள் உடலுக்கு அடியில் வராமல் வெளியே தங்கும்.

இதை வெறும் கண்ணாலேயே சோதித்துப் பார்க்கலாம். குதிரை நீட்டி டிராட் போகும்போது ஒரு படத்தை நிறுத்திப் பாருங்கள். டிராட்டில் ஒரு முன்காலும் அதற்கு எதிர்மூலைப் பின்காலும் ஜோடியாக நகரும். முழங்காலுக்குக் கீழே உள்ள முன்கால் எலும்பும், எதிர்மூலைப் பின்காலில் அதே இடத்து எலும்பும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருந்தால் அந்த அடி முதுகு வழியாக வந்தது. முன்கால் மட்டும் வானத்தை நோக்கி வீசப்பட்டு, பின்கால் சோம்பி நின்றால் அந்த வீச்சு வெறும் வேடிக்கை. நடுவில் முதுகு வேலை செய்யவில்லை. ஜெர்மனியின் கால்நடை மருத்துவர் கெர்ட் ஹாய்ஷ்மான், காலால் மட்டும் நடக்கும் குதிரை என்றும் முதுகால் நடக்கும் குதிரை என்றும் பிரித்துப் பேசுவது இதைத்தான். 2006-ல் அவர் எழுதிய புத்தகம் இந்த விவாதத்தை மருத்துவர்களின் அறையிலிருந்து போட்டி மைதானத்துக்குக் கொண்டுவந்தது.

எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு வருகிறேன். அவர்கள் முட்டாள்கள் அல்லர். உலகின் மிகச் சிறந்த சவாரிக்காரர்கள் சிலர் அந்தப் பக்கம் நின்றிருக்கிறார்கள். மூக்கை நெஞ்சுவரை கொண்டுவந்து வைத்தே பயிற்சி கொடுக்கும் முறைக்கு ரோல்கூர் என்று பெயர் வந்தது. அதைக் கையாண்டவர்கள் அந்தப் பெயரை ஏற்காமல், தாழ்வாக, ஆழமாக, உருண்டையாக வைப்பது என்று விளக்கம் சொன்னார்கள். நெதர்லாந்தின் பயிற்சியாளர் ஷெஃப் யான்சன் இந்த முறையை வெளிப்படையாக ஆதரித்தவர். அவரிடம் பயின்ற அன்கி ஃபான் குரூன்ஸ்வென் 2000, 2004, 2008 என மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தனிநபர் தங்கம் வென்றவர். அவர்களின் முதல் வாதம் இதிலிருந்தே பிறக்கிறது: முறை தப்பென்றால் தங்கம் எப்படி வரும்?

தங்கத்தைக் கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் கொடுக்கிறது. இங்கே மனிதக் கண் கொடுக்கிறது. 1992-லும் 2008-லும் நடந்த உயர்மட்டப் போட்டிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. பிந்தைய போட்டியில் குதிரைகளின் மூக்கு செங்குத்துக் கோட்டுக்கு உள்ளே கூடுதலாகப் போயிருந்தது. அப்படிப் போன குதிரைகளுக்கு மதிப்பெண் குறையவும் இல்லை. இத்தனைக்கும் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்புத்தகம் என்ன சொல்கிறது? தலை பொதுவாகச் செங்குத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும், உச்சியே கழுத்தின் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும் என்கிறது. விதி ஒன்று, மதிப்பெண் வேறொன்று. விதிக்கு மாறாகப் போடப்பட்ட மதிப்பெண்ணைக் காட்டி விதிக்கு மாறான பயிற்சியை நியாயப்படுத்துவது சுற்றி வரும் வாதம். அதில் ஏறிக்கொண்டு எங்கும் போய்ச் சேர முடியாது.

டோடிலாஸ் என்ற கறுப்புக் குதிரை 2009 டிசம்பரில் லண்டனில் 92.30 விழுக்காடு வாங்கியபோது உலகமே வியந்தது. அதன் முன்கால் வீச்சு அப்படி. பின்கால்கள் அதற்கு ஈடு கொடுக்கவில்லை என்று அன்றே பலர் படங்களை வைத்துக் காட்டினார்கள். கைதட்டலில் அது அமுங்கிப்போனது. ஐந்து வருஷம் கழித்து அதே லண்டன் அரங்கில் வலேக்ரோ என்ற குதிரை 94.30 வாங்கி அந்த எண்ணைத் தாண்டியது. அதில் சவாரி செய்த ஷார்லட் டுஜார்டின், பயிற்சி வகுப்பு ஒன்றில் ஒரு குதிரையின் கால்களைச் சவுக்கால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளியானதும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். ஓராண்டுத் தடையும் பெற்றார். இரண்டையும் ஒன்றாகக் கட்டவில்லை. வலேக்ரோவின் கழுத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. மதிப்பெண் பலகையில் ஏறும் எண்ணுக்கும் பயிற்சிக் களத்தில் நடப்பதற்கும் தானாக ஒரு சம்பந்தம் வந்துவிடாது என்பதுதான் நான் சொல்வது.

இரண்டாவது வாதம் அறிவியல் வேடத்தில் வரும். கழுத்தைத் தாழ்த்தினால் முதுகு எழும், அது ஓர் உடற்பயிற்சி என்பார்கள். இதில் பாதி உண்மை. குதிரையின் உச்சியிலிருந்து கழுத்தின் மேல்விளிம்பு வழியாகத் தோள்மேடு வரை ஒரு தடித்த நார் ஓடுகிறது; அது முதுகெலும்பின் மேலும் தொடர்கிறது. குதிரை தலையை முன்னோக்கி நீட்டிக் கீழே இறக்கும்போது அந்த நார் இழுபட்டு முதுகைத் தூக்கும். இளம் குதிரைக்கும், கடும் பயிற்சி முடிந்த குதிரைக்கும் இந்த நீட்டலைப் பழைய ஆசிரியர்கள் பலரும் பரிந்துரைத்தார்கள். ஆனால் அதில் மூக்கு முன்னே போக வேண்டும், கழுத்து நீள வேண்டும், லகான் கையிலிருந்து நழுவி நீண்டுகொண்டே போக வேண்டும். ரோல்கூரில் மூக்கு பின்னே வருகிறது, கழுத்து குறுகுகிறது, லகான் சுருங்குகிறது. நல்ல ஒன்றின் பெயரில் அதன் நேர் எதிரியை உள்ளே கொண்டுவருகிறார்கள். சுருட்டி மடக்கிய கழுத்தில் தொண்டைப் பகுதி நெரிபடும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி, வாயால் விடத் தெரியாது. காற்றுப் போகும் வழியை நெரித்துக்கொண்டே அதை உழைக்கச் சொல்கிறோம். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் தலையை ஏற்றி இறக்கித்தான் அது தூரத்தைப் பார்க்கும். மூக்கை நெஞ்சோடு வைத்துவிட்டால் தனக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாமலே அது ஓடுகிறது.

மூன்றாவது வாதம் கேட்பதற்கு மனிதாபிமானமாக இருக்கும்: ஐந்நூறு கிலோ மிருகம், பிடிக்காவிட்டால் நம்மைத் தூக்கி எறிந்துவிடாதா? இதற்குக் குதிரைகளே பதில் சொல்லியிருக்கின்றன. ஊட்டா கோனிக் ஃபான் போர்ஸ்டல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 15 குதிரைகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாகப் பிரியும் ஒரு பாதை. ஒரு கிளையில் போனால் சற்று நேரம் ரோல்கூர் நிலையில் சவாரி, மறு கிளையில் போனால் இயல்பான தலைநிலையில் சவாரி. எந்தப் பக்கம் போனால் என்ன வரும் என்று குதிரைகள் தெரிந்துகொண்டபின், எந்தப் பக்கம் போவதென்ற முடிவை அவற்றிடமே விட்டார்கள். 14 குதிரைகள் இயல்பான பக்கத்தையே கூடுதலாகத் தேர்ந்தெடுத்தன. தேர்வு கிடைத்ததும் வாய் திறந்து சொல்லாமலே சொல்லிவிட்டன. போட்டிக் குதிரைக்கு அந்தத் தேர்வு கிடைப்பதில்லை. எதிர்த்துப் பார்த்து, பயனில்லை என்று கண்டு, அடங்கிப்போன மிருகத்தின் அமைதியைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம்.

2009-ல் டென்மார்க்கில் நடந்த ஒரு போட்டியில், குதிரையைப் போட்டிக்குத் தயார்ப்படுத்தும் வெள்ளோட்டக் களத்தில், மூக்கு நெஞ்சோடு ஒட்டிய குதிரையின் நாக்கு நீலம் பாரித்துத் தொங்கிய காணொளி உலகெங்கும் பரவியது. அதன்பின் 2010 பிப்ரவரியில் சர்வதேசச் சம்மேளனம் லோசானில் கூடி, முரட்டு விசையால் கழுத்தை மடக்குவதை ஏற்க முடியாது என்று அறிவித்தது. விசையில்லாமல் செய்வதை மட்டும் அனுமதித்தது. ஒரே நிலையில் பத்து நிமிஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் வரம்பு போட்டது. அந்தப் பத்து நிமிஷத்தை எந்த அறிவும் ஏற்காது. முரட்டுத்தனம் எங்கே முடிந்து மென்மை எங்கே தொடங்குகிறது என்பதைக் களத்தின் ஓரத்தில் நிற்கும் கண்காணிப்பாளர் எப்படி அளப்பார்? லகானில் எத்தனை கிலோ விசை இருக்கிறது என்று தூரத்திலிருந்து தெரியாது. மூக்கு எங்கே இருக்கிறது என்பது தெரியும். தெரிவதை விதியாக்காமல் தெரியாததை விதியாக்கினால் அந்த விதி யாரையும் பிடிக்காது.

இது ஏதோ புதிய விளையாட்டு அறிவியல் என்றும் பழையவர்களுக்குத் தெரியாதது என்றும் ஒரு பேச்சு உண்டு. வரலாறு தெரியாத பேச்சு. கி.மு. நாலாம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸின் செனஃபோன், பலவந்தத்தால் குதிரை செய்வதில் புரிதலும் கிடையாது, அழகும் கிடையாது என்று எழுதி, நடனக்காரரைச் சவுக்கால் அடித்து ஆடவைப்பதை அதற்கு உதாரணம் காட்டினார். மறுமலர்ச்சிக் காலத்து நேப்பிள்ஸில் 1550-ல் புத்தகம் போட்ட ஃபெதெரிகோ கிரிசோனேயின் முறையோ அடி, உதை, கொடிய கடிவாளம். பிரான்ஸில் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளுவினெல் அதிலிருந்து விலகி, தட்டிக்கொடுத்துக் கற்பித்தார். 1733-ல் கெரினியேர் எழுதிய நூல், தோளை உள்ளே கொண்டுவந்து பக்கவாட்டில் நடத்தும் பயிற்சியால் உள்பக்கப் பின்காலை எப்படி உடலுக்கடியில் வரவழைப்பது என்று காட்டியது. தலையைத் தொடாமல் பின்காலைப் பிடிக்கும் வழி அது. வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி இன்றுவரை அந்த நூலின் வழியில்தான் நடக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் பிரான்ஸ்வா போஷே வந்தார். சர்க்கஸில் குதிரை காட்டியவர், மேதை. தாடையையும் கழுத்தையும் கையால் வளைத்து நெகிழவைத்துவிட்டால் குதிரை முழுதும் வசமாகிவிடும் என்பது அவருடைய முதல் கொள்கை. ஐரோப்பா முழுக்க அதற்கு ஆதரவாளர்கள் சேர்ந்தார்கள். ஜெர்மனியில் லூயி ஸேகர் 1852-ல் அவரை எதிர்த்தே ஒரு கண்டனநூல் எழுதினார். இன்று நடக்கும் சண்டை அன்றே நடந்துவிட்டது. 1855-ல் சர்க்கஸ் அரங்கின் சரவிளக்கு அறுந்து போஷேயின்மேல் விழுந்தது, காலில் பலத்த காயம். பழையபடி பலத்தோடு சவாரி செய்ய முடியாத அந்த மனிதர் பிற்காலத்தில் தன் முறையையே மாற்றினார். கையும் காலும் ஒன்றோடொன்று மோதக் கூடாது, கழுத்து உயர வேண்டும் என்று வந்து நின்றார். 1873-ல் மரணப் படுக்கையில், பார்க்க வந்த தன் சீடர் லோத்தின் கையைப் பிடித்தாராம். லகான் பிடிக்கும் நிலையில் அந்தக் கையை வைத்து அசையாமல் நிறுத்தி, எப்போதும் இப்படித்தான் என்றாராம். பிறகு அதே கையை நெஞ்சை நோக்கிப் பின்னே இழுத்துக் காட்டி, இது ஒருபோதும் கூடாது என்றாராம். பிற்காலத்தில் ஜெனரலான லோத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்த நிகழ்ச்சி இது. கழுத்திலிருந்து தொடங்கும் முறையின் மிகப் பெரிய ஆசான் கடைசியில் கற்பித்தது, பின்னே இழுக்காத கையை.

இழுக்காத கை எங்கிருந்து வரும் என்பதுதான் இந்த விவாதத்தில் யாரும் தொட விரும்பாத இடம். கை இழுப்பது பெரும்பாலும் கொடுமையால் அல்ல, தடுமாற்றத்தால். சேணத்தில் சமநிலை இல்லாதவர் எதையாவது பிடித்துக்கொண்டாக வேண்டும். கையில் இருப்பது லகான். லகானின் மறுமுனையில் குதிரையின் தாடையெலும்பு. டிராட்டில் உடல் எழுந்து எழுந்து விழும் ஒவ்வொரு முறையும் அந்த எலும்பில் ஓர் அடி. குதிரை தலையைத் தூக்கி எதிர்க்கும். உடனே, குதிரை அடங்கவில்லை, இன்னும் கடுமையான கடிவாளம் போடு, மூக்குப் பட்டையை இறுக்கு என்கிறார்கள். மனிதரிடம் இருக்கும் குறைக்குக் குதிரையின் வாயில் மருந்து போடுகிறார்கள்.

வியன்னாவில் இதை வேறுவிதமாகச் செய்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் அந்த ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில், புதிதாகச் சேரும் மாணவர் தேர்ந்த முதிய லிபிட்ஸான் குதிரையின்மேல் உட்காருவார். ஆசிரியர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவைப்பார். மாணவருக்கு அங்கவடி கிடையாது, லகானும் கிடையாது. மாதக்கணக்கில் இதுவே பாடம். இடுப்பு குதிரையின் முதுகோடு சேர்ந்து அசையும் வரை, தோளும் கையும் அந்த அசைவிலிருந்து விடுபட்டு அமைதியாகும் வரை. கை அமைதியானபின்தான் லகான். பிறகு பல ஆண்டுகள் அனுபவம் மிக்க குதிரைகளிடம் மாணவர் கற்கிறார். கடைசியாகத் தானே ஓர் இளம் குதிரையை உயர்நிலை வரை பழக்கிக் காட்டினால்தான் முழு சவாரியாளர். இதற்கெல்லாம் பத்தாண்டுக்கு நெருக்கமாக ஆகிவிடும். இளம் குதிரைகளுக்கோ நாலு வயதில்தான் பயிற்சி தொடங்குகிறது. முதல் கட்டத்தில் இயல்பான நிலையில் நேராக முன்னே போகப் பழகுவது மட்டும்தான் வேலை. கழுத்தை யாரும் தொடுவதில்லை. ஜெர்மனியின் ஆறுபடி முறையிலும் இதே வரிசை: முதலில் சீரான தாளம், பிறகு இறுக்கம் தளர்ந்த உடல், அதன்பின்தான் கையோடு தொடர்பு; பின்பாரத்தில் ஒருங்கி நிற்பது கடைசிப் படி. இன்றைய அவசரக்காரர்கள் மூன்றாம் படியில் ஏறிக் குதித்து நேரே ஆறாம் படியின் தோற்றத்தைப் பறிக்கப் பார்க்கிறார்கள்.

விசையில்லாமல் இந்தக் கலை உச்சம் தொடுமா என்று கேட்பவர்களுக்கு லிஸ் ஹார்டெல் பதில். டென்மார்க்கைச் சேர்ந்த இவருக்கு 1944-ல், கர்ப்பமாக இருந்தபோது, இளம்பிள்ளைவாதம் வந்தது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. டிரஸ்ஸாஜில் குதிரையை முன்னே ஏவுவதற்கு எல்லோரும் நம்பியிருப்பது அந்தக் கெண்டைக்காலையும் குதிமுள்ளையும்தான். அவை இல்லாத ஒருவர், குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்ட ஒருவர், ஜூபிலி என்ற பெட்டைக் குதிரையை இடுப்பின் அசைவாலும் எடையின் மாற்றத்தாலும் பழக்கினார். 1952 ஹெல்சிங்கியில், பெண்களுக்கும் படையதிகாரிகள் அல்லாதவர்களுக்கும் டிரஸ்ஸாஜ் திறந்துவிடப்பட்ட முதல் ஒலிம்பிக்கில், வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-லும் வென்றார். பலத்தால் மட்டுமே வசப்படும் பிராணி குதிரை என்றால் அந்த இரண்டு பதக்கங்களும் சாத்தியமே இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் தங்கம் வென்ற ரைனர் கிளிம்கே, வெற்றிச் சுற்றில் லகானை ஒரே கையில் பிடித்துக்கொண்டு ஆலரிஷ் குதிரையை அடிக்கு அடி காலை மாற்றவைத்தபடி அரங்கைச் சுற்றிவந்ததும் படமாக இருக்கிறது. தளர்ந்த கையில் அவ்வளவு கடினமான அசைவைக் குதிரை விரும்பிச் செய்வதை அதில் பார்க்கலாம்.

இவ்வளவு கெட்டுப்போயிருந்தால் இந்த விளையாட்டையே ஒழித்துவிடலாமே என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. அதை நான் ஏற்கவில்லை. சரியாகப் பயின்ற டிரஸ்ஸாஜ், மனிதரைச் சுமக்கும் குதிரையின் உடலைக் காப்பாற்றும் பயிற்சி. அதை ஒழித்துவிட்டால் பயிற்சியே இல்லாத குதிரைகள்மேல் மனிதர்கள் ஏறுவது நிற்கப்போவதில்லை.

செய்ய வேண்டியவை சிக்கலானவையும் அல்ல. மூக்கு செங்குத்துக்கு உள்ளே தொடர்ந்து இருந்தால் அந்த அசைவுக்கு ஐந்துக்கு மேல் போடாமல் இருக்க நடுவருக்கு இன்றைய விதியே போதும். 2024 பாரிஸ் வரை ஒலிம்பிக்கில் இரட்டைக் கடிவாளம் கட்டாயமாக இருந்தது. எளிய ஒற்றை இரும்பில் கிராண்ட் பிரீ செய்து காட்ட முடிகிறவரை ஏன் தடுக்க வேண்டும்? அது தண்டிக்கப்பட வேண்டிய குறையா, பாராட்டப்பட வேண்டிய தேர்ச்சியா? வெள்ளோட்டக் களத்துக்கும் ஒரு நடுவரை அனுப்பி, அங்கே பார்த்ததற்கும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பதக்கத்துக்காகக் குதிரையை மடக்குகிறவர்கள் பதக்கத்துக்காகவே நிறுத்துவார்கள்.

நம் நாட்டுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் டிரஸ்ஸாஜ் அணித் தங்கம் வென்றார்கள். 1982 டெல்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். அனுஷ் தனிநபர் வெண்கலமும் வென்று, அடுத்த ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் இறங்கிய முதல் இந்தியரானார். நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அவர்களைப் பார்த்து இங்கே சவாரி வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரைகள். லகான் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு வேகமாக ஓடு என்று கற்பிக்கப்பட்ட குதிரைகள் அவை. அவற்றின் வாயில், பழகாத கை தலையை உள்ளே இழுத்தால் பிள்ளைக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து. பந்தயக் குதிரையை மறுபடி பழக்க வேண்டும் என்றால் முதலில் அதன் முதுகைத் தளர்த்த வேண்டும், பின்கால்களுக்கு வேலை கொடுக்க வேண்டும், வாயை மறக்கவிட வேண்டும். அதற்கு வருஷம் ஆகும். அந்த வருஷத்தைக் கொடுக்கிற பள்ளிகளுக்குத்தான் மாணவர்களை அனுப்ப வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் கழுத்து வளைந்த குதிரையின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். மூக்குப் பட்டைக்குள் உங்கள் இரண்டு விரல் போகிறதா என்று கேட்டுச் சோதியுங்கள். பயிற்சியாளரிடம், என் பிள்ளையை லகான் இல்லாமல் எத்தனை மாதம் கயிற்றில் சுற்றவைப்பீர்கள் என்று கேளுங்கள். முதல் நாளே லகானைக் கையில் கொடுத்துவிடுவோம் என்று பெருமையாகச் சொன்னால் வேறு பள்ளி பாருங்கள்.